சோறு மட்டும் தின்றும் எடை ஏன் கூடியது?

நடவு இயந்திரம் வந்தபின் எங்கள் ஊரில் பெண்களுக்கு வயல் வேலை குறைந்துவிட்டது. நானும் வீட்டோடு இருந்தேன். இரண்டே வருடத்தில் உடம்பு பெருத்தது. “இப்பதான் தேறியிருக்கே” என்று எல்லோரும் சொல்ல, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன வருடம் ரேஷன் கடை வரிசையில் கண் இருட்டி விழுந்துவிட்டேன். பாபநாசம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சோதித்துப் பார்த்த நர்ஸ், “சர்க்கரை இருக்கு, எடையும் அதிகம்” என்றார்.

“வாயக் கட்டி வயித்தக் கட்டி வாழுறோம். எங்களுக்கு எப்படிங்க எடை கூடும்?” என்று கேட்டேன்.

“நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

“மூணு வேளையும் சோறு, ஊறுகாய். காய் விக்கிற விலைக்கு வேற என்னங்க வாங்குறது? நடவு நட்ட காலத்துலயும் இதானே தின்னேன்.”

“நடவு நட்டப்போ அந்தச் சோறு கரைஞ்சுது. இப்ப உடம்புலயே தங்குது. தினமும் கொஞ்சம் நடங்க.”

“வேலையில்லாம பொம்பளை ரோட்டுல நடந்தா என்ன பேசுவாங்க?”

“அதுக்குப் பயந்து நானும்தான் நடக்கிறதில்ல” என்றார் நர்ஸ்.

இப்போது சோற்றைக் குறைத்து, கொல்லையில் விதைத்த கீரையைக் கூட்டிக்கொண்டேன். மாலையில் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். “எங்க கிளம்பிட்டே?” என்று கேட்பவர்களிடம், “எங்கயும் இல்ல, சும்மா நடக்குறேன்” என்கிறேன். முதலில் சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது என்னோடு நடக்கிறார்கள்.

– ஒரு வாசகி, பாபநாசம் அருகில்