தாழ்ப்பாள் இல்லாத போதிக்கூடம்

ஆரல்வாய்மொழியில் வீடு கட்டுகிற எவனும் காற்று பிய்த்துக்கொண்டு வரும் கணவாயைப் பார்த்து வாசல் வைக்கமாட்டான். போதி ஐயா வைத்தார். காற்றாலைக்காரர்களுக்கு நிலம் பேசிக் கொடுத்தே பெரிய ஆளானவர். காற்றை விற்கத் தெரிந்த மனுஷனுக்குத் தியானக்கூடத்துக் கதவை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை, பாருங்கள்! போதாக்குறைக்கு, ஞானத்தின் வாசலுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று அதையும் வேண்டாமென்றுவிட்டார்.

தாழ்ப்பாள் வேலையை நாராயணபெருமாள் பார்த்தார். செங்கல்சூளை வேலையை உதறிவிட்டு, ஐயாவே கதி என்று வந்து கிடந்தவர். மற்றவர்கள் கண்மூடி உட்கார்ந்ததும் இவர் கதவில் முதுகைக் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். காற்று வந்து மோதும்போதெல்லாம் பல் கிட்டிக்கும். இந்த லட்சணத்தில் மனம் எங்கே ஒடுங்க?

விழிப்படைந்தவர்களுக்கு ஐயா பௌர்ணமியன்று காவித் துண்டு போர்த்துவார். அந்தத் துண்டுக்காக நாராயணபெருமாள் உள்ளுக்குள் ஏங்கிச் செத்தார். நேற்று வந்த நாகர்கோவில் வக்கீலுக்குக்கூடக் கிடைத்துவிட்டது. எனக்கு எப்போது என்று கேட்டால், புத்தரின் நிழலாகவே திரிந்த ஆனந்தனுக்கும் குரு கண்மூடிய பிறகுதான் ஞானம் கிடைத்தது என்பார் ஐயா.

வீட்டில் இதைச் சொன்னதும், "அப்போ ஐயா சாவது வரைக்கும் காத்துக் கெடக்கணுமா? எல்லாருக்கும் ஞானம் வருது, ஒங்களுக்கு முதுகுவலிதான் வருது" என்றாள் மனைவி சத்தியபாய். அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் ஐயாவின் காலிலேயே விழுந்துவிட்டார்.

"ஒனக்கு எம்மேல உள்ள பற்று போகல்லடே. அத அறுத்துப்போடு, அன்னைக்கே ஞானம்" என்றார் ஐயா.

குரு சொன்னால் சொன்னதுதான். ஆடிப் பௌர்ணமியன்று கூடம் நிறைந்திருந்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். நாராயணபெருமாள் மெல்ல எழுந்தார், கும்பிட்டார், வெளியே இறங்கி நடந்தார்.

பின்னாலேயே கதவு படாரென்று திறந்தது. விளக்கு அணைந்தது. அடுக்கி வைத்திருந்த காவித் துண்டெல்லாம் பின்பக்கச் சன்னல் வழியாக வயலுக்குப் பறக்க, வக்கீல் முதல் ஆளாக எழுந்து அவற்றைப் பிடிக்க ஓடினார்.

"ஏலே பெருமாளு, கதவப் புடிலே!" என்று அலறினார் ஐயா.

"பற்ற அறுத்துட்டேன் ஐயா" என்றார் அவர் முற்றத்தில் நின்று, பணிவாக. கேலி இல்லை, ஐயா சந்தோஷப்படுவார் என்றே நம்பினார். பதிலுக்கு ஐயாவின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. கத்திக்கொண்டே வந்து, கடைசியில் தானே கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். காற்று அவருக்கும் இரக்கம் காட்டவில்லை.

நாராயணபெருமாள் வீட்டுக்கு வந்தார். உடம்பெல்லாம் பறப்பதுபோல் இருந்தது. இதுதான் ஞானமாக இருக்கும் என்று பூரித்துப்போனார்.

காப்பியோடு வந்த சத்தியபாய் அப்படியே நின்றுவிட்டாள். அவர் வாசற்கதவில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"நம்ம வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு," என்றாள் அவள். "எழும்புங்க."