வரிசை தப்பி வந்த தொடர்கதை

பார்சலைப் பிரித்தால் முதலில் வருவது நேந்திரங்காய் சிப்ஸ் வாசம்... அதற்கு அடியில், அந்த வாசம் ஏறிப்போன மலையாள வார இதழ்கள்.

தொண்ணூறுகளில், பிழைக்கக் கடல் தாண்டி வந்த பாபகூராவில் நானும் கோட்டயத்து லிஸியும் ஒரே ஃபிளாட். இரண்டு பேருக்கும் மங்கரே ஏர்போர்ட்டில் வேலை, விமானத்துக்குச் சாப்பாட்டு டிரே அடுக்குவது. இதழ்களை அவள் அம்மா கப்பல் தபாலில் அனுப்புவார். காதலும் கண்ணீருமான அந்தத் தொடர்கதைகளை 'பைங்கிளிக் கதை' என்று அங்கே ஊரே கேலி பேசுமாம், ஊரே படிக்குமாம். லிஸியின் அப்பா வாத்தியார். வீட்டுக்குள் அந்தப் பத்திரிகை வரவே கூடாது. அம்மா அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துப் படித்துவிட்டு, மகளுக்குக் கட்டி அனுப்பிவிடுவார்.

எனக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே லிஸி வாசித்துத் தமிழில் சொல்வாள். பாதி கதை, பாதி அழுகை.

கப்பல் தபாலுக்கு வரிசை ஏது? ஒரு பார்சலில் செத்துப்போன கதாநாயகன், ஜீப் டிரைவர் பேபிச்சன், அடுத்த பார்சலில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பான். அடக்கம் பண்ணியவனுக்கு மறுபடியும் உட்கார்ந்து கவலைப்படுவோம். எங்களைப் போல பைத்தியங்கள் உண்டா!

அவனை விட்டு வெளிநாடு போன சாலி ஊர் திரும்புவாளா, மாட்டாளா... எங்களுக்கு அதுதான் தெரிய வேண்டும். விசா முடிவு வராமல், ஊருக்கும் போக முடியாமல் நாங்களே தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

லிஸி கல்யாணமாகி பெர்த் போய்விட்டாள். கடைசி அத்தியாயம் அதற்குப் பிறகுதான் பழைய ஃபிளாட்டுக்கு வந்தது; அட்டையில் அவள் அம்மா இங்கிலீஷில் 'லாஸ்ட்' என்று எழுதியிருந்தார். ஃபோன் பண்ணி, அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாடீ. வேற ஆரிட்டயும் கொடுத்துப் படிக்கக் கூடாது, கேட்டோ. நான் வந்து நாம ஒண்ணா படிக்கலாம்."

படத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன். பஸ் ஸ்டாப்பில் பெட்டியோடு சாலி. வந்து இறங்கியவளா, கிளம்புகிறவளா... வரைந்த புண்ணியவானுக்கே வெளிச்சம்.

லிஸி வரவில்லை. வேலை, பிள்ளைகள், மார்ட்கேஜ். என் கதையும் அதேதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மனசு இன்னும் ஏங்குகிறது.

இப்போது ஃபோனைக் காட்டினால் மலையாளம் நொடியில் தமிழாகிவிடுகிறது. "ஜஸ்ட் ஸ்கேன் இட், மம்" என்கிறாள் மகள். இதழை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

போன வாரம் வீடியோ காலில் லிஸியிடம் கேட்டேன், சாலி கடைசியில் ஊருக்குப் போனாளா என்று எப்போது படிக்கலாம் என்று.



"எந்த சாலி?" என்றாள்.