ஹாஜியாரும் கதவில்லாத வாசலும்

பயண வழிகாட்டிக்கு இடங்களைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கத் தேவையில்லை. கூட்டி வந்தவர்களின் முகத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும். கல்யாண வீட்டுக்கு பஸ் பிடித்துச் சொந்தக்காரர்களை ஏற்றிப் போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கல்முனையிலிருந்து மக்காவுக்கு உம்றா பயணம் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் முதலாளி, சென்ற வருடம் ஜப்பானுக்கும் ஒரு பயணம் போட்டார். பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர் அரிசி ஆலை ஹாஜியார். அவருடைய ஆலையில் காலையில் பேசப்படுவது பகலுக்குள் அக்கரைப்பற்றைத் தாண்டிவிடும். புறப்படும் அன்று முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹாஜியார் நல்லம் எண்டு சொன்னா ஜப்பான் லைன் உனக்கு. நல்லால்ல எண்டு சொன்னா, தம்பி, நீ வேற வேல பாக்கோணும்."

வாசல்

மூன்றாம் நாள் நாட்டுப்புறத்தில் ஒரு ஷின்டோ கோயில். முன்னால் இரண்டு சிவப்புத் தூண்கள், மேலே குறுக்காக இரண்டு மரங்கள். சுவரும் இல்லை, கதவும் இல்லை. அதுதான் வாசல். ஹாஜியார் அதன் முன் நின்றுவிட்டார். யாரும் கும்பிட வேண்டியதில்லை, பார்த்துவிட்டு வரலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார், பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"நீங்க போய்ப் பாத்திட்டு வாங்க மகன். நான் இந்தக் கதவில்லாத வாசலுக்குக் காவல் இருக்கன்."

சப்பாத்து

காரைதீவிலிருந்து வந்த கணேசமூர்த்தி சேர், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வாசல் பிரச்சினை இல்லை. தூணைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த கூழாங்கல்லில் வெறுங்காலோடு நடந்தார். இங்கே கழற்றத் தேவையில்லை என்று நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெண், யாரோ மறந்துவிட்டார் என்று சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவர் நன்றி சொல்லி ஓரமாக வைத்தார். அவள் திரும்பவும் எடுத்து வந்து, கால் நுழைக்க வசதியாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"சப்பாத்தோட சாமிக்கு முன்னால நிண்டு என்னத்தைக் கேக்கிற தம்பி? இந்தப் பிள்ளைக்கு அதைக் கொஞ்சம் சொல்லிவிடுங்க."

பலகைகள்

ஹாஜியாரின் மனைவி சுபைதாத்தா புருசனைக் கேட்காமலே உள்ளே வந்துவிட்டார். வேண்டுதல்களை எழுதித் தொங்கவிட்ட சின்னப் பலகைகளின் முன் வெகுநேரம் நின்றார். பரீட்சை, கல்யாணம், பிரசவம் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன்.

"ஊருக்கே தெரிய எழுதித் தொங்கவிட்டிருக்காங்களே! மாப்பிள்ள வீட்டாக்கள் வந்து வாசிச்சா என்ன நடக்கும்?"

தொட்டி

வெளியே வந்தபோது லுஹர், பகல் தொழுகையின் நேரம், முடியவிருந்தது. பஸ் பிந்தியது என் பிழை. பயணத்தில் அடுத்த தொழுகையோடு சேர்த்துத் தொழலாமே என்றேன். "அது ஏலாதவனுக்கு. எனக்கு ஏலும்," என்றார் ஹாஜியார். அவர் முகத்தில் நான் என் அடுத்த வேலையை வாசித்துக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு வெளியிலேயே ஒரு கல்தொட்டி, ஓடும் தண்ணீர், மூங்கில் அகப்பைகள். உள்ளே போகிறவர்கள் இரண்டு கையையும் நனைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவார்கள். ஹாஜியார் அகப்பையை எடுத்து, தொழுகைக்கு முன் கழுவும் ஒழுவை முழுதாகவே எடுத்தார். மூக்கு, முகம், முழங்கை, தலை, காது. கடைசியாகச் சப்பாத்தைக் கழற்றிக் கால். பின்னால் வரிசை நீண்டது. அவருக்கு அடுத்து நின்ற வெள்ளைக்காரத் தம்பதிகள், விசயம் தெரிந்தவர் போலிருக்கிறது என்று எண்ணியோ என்னவோ, காலுறையைக் கழற்றத் தொடங்கினார்கள்.

"இஞ்ச ஆக்கள் அரகுறையா ஒழு எடுக்காங்க. சொல்லிக் குடுக்க ஆளில்லயாக்கும்."

வயல்

வெள்ளை உடுப்போடு பூசகர் வந்தார். தொட்டியில் கால் கழுவியதற்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். முந்திக்கொண்டு, கைபேசியில் மொழிபெயர்த்து, இவர் தொழ ஒரு இடம் வேண்டும் என்று காட்டினேன். ஒரு கோயில் பூசகரிடம் கேட்கக்கூடிய கேள்வியா என்பது காட்டிய பிறகுதான் உறைத்தது. அவர் ஹாஜியாரின் நனைந்த காலைப் பார்த்தார். பிறகு வேலிக்கு வெளியால் எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

அங்கே அறுத்த வயல். ஹாஜியார் வரம்போரம் விரிப்பைப் போட்டுத் தொழுதார். அவ்வளவு நேரமும் பூசகர் வழியில் நின்று, படம் எடுக்க வந்தவர்களைக் கையால் மறித்தார்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பிய ஹாஜியாரின் கண்ணில் கதிர்க்கட்டுகள் பட்டன. மூங்கிலில் தலைகீழாகத் தொங்கின. ஒரு நெல்லைப் பிடுங்கிக் கடித்தார். பூசகரே பயிர் செய்த வயல் அது. இவர் தமிழில் கேட்டார், அவர் ஜப்பான் மொழியில் பதில் சொன்னார். கைபேசியை இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. நான் அணைத்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்து, பஸ் காத்திருக்கிறது என்றேன்.

"பொறு மகன். இவன் நெல்லக் காத்தில காயப்போடுறான். நாம றோட்டில போட்டு லொறிக்கு மிதிக்கக் குடுக்கம்!"

முடிவு

கல்முனைக்கு வந்த மறுநாள் ஹாஜியார் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி தேநீர் கொடுத்து, என்னை வைத்துக்கொண்டே, பயணம் எப்படி என்று கேட்டார். ஹாஜியார் தேநீரை முழுவதும் குடித்து முடித்தார்.

"கோயிலப் பத்தி எனக்குத் தெரியா, நான் உள்ளுக்குப் போகல்ல. ஆனா அந்த மனிசன்ட வயல்ல நடுகையப் பாக்கத் திரும்பப் போகோணும். கூட்டிப் போக இவனத்தான் அனுப்போணும்."

ஆகவே, கடல் தாண்டிப் பறந்துபோய் நெல் பார்க்கக் கல்முனையில் இப்போது ஆட்கள் காத்திருக்கிறார்கள், அவர்களை வரம்பிலிருந்து கிளப்பி பஸ்ஸில் ஏற்றுவது என் உத்தியோகமாகிவிட்டது.