கடைசி மூன்று நிமிடத்துக்கு ரிலீஃப்

இருபத்திரண்டு வருஷமாக என் மனைவிதான் எனக்கு டியூட்டி போடுகிறாள். வீட்டு வேலையைச் சொல்லவில்லை, அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நான் பஸ் டிரைவர். அவள் அதே டிப்போவில் டியூட்டி கிளார்க். எந்த பஸ்ஸை யார் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், யாரை இறக்கிவிட்டு யார் ரிலீஃபாக ஏற வேண்டும், ஆள் குறைந்தால் எடுக்க யார் ஸ்பேரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எழுதித் தன் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவது அவள் வேலை. கட்டின புருஷன் என்று ஒரு சலுகை உண்டா? மூச்! காலை நாலரை மணி பஸ் என் தலையில் விழுந்த அளவுக்கு வேறு யார் தலையிலும் விழுந்ததில்லை. கேட்டால், "உங்களுக்கு மாத்திப் போட்டா நாளைக்கு மொத்த டிப்போவும் என் ஜன்னல்ல வந்து நிக்கும்" என்பாள்.

இப்படிப்பட்ட கறார்ப் பேர்வழி ஒரே ஒருவனுக்காக உருகிப்போனாள். அவனுக்கு ஏழடி உயரம். கூடைப்பந்து ஆடுகிறவன். இருப்பது கம்ப்யூட்டருக்குள்.

எங்கள் பெண் படிக்க வெளியூர் போனபோது விட்டுப்போன வினை அது. இணையத்தில் ஒரு விளையாட்டு. அதில் நாம் பந்தைத் தொடவே மாட்டோம். நாம்தான் மேனேஜர். ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும், யார் எந்த இடத்தில் எத்தனை நிமிஷம் என்று எழுதி வைக்க வேண்டும். ஆட்டத்தைக் கம்ப்யூட்டரே ஆடிக் காட்டும். "டீமை நீ பாத்துக்கம்மா. கேக்க ஆளில்லன்னா ஒரு மாசத்துல கலைச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பந்து எந்தப் பக்கம் போனால் நம் புள்ளி என்றுகூட என் மனைவிக்குத் தெரியாது. ஆனால் யார், எங்கே, எத்தனை நிமிஷம் என்பது அவளுக்கு அத்துப்படியான சமாச்சாரம். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

அந்த முதல் சீசனிலேயே புதுமுகமாக வந்து சேர்ந்தான் ஏழடிக்காரன். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. நான் வைத்த பேர் நெட்டைக்கொக்கு. அவள் வைத்த பேர் பெரியவன். எங்களுக்கு இருப்பது ஒரே பெண், இதில் பெரியவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டேன். அவள் அவனுக்கு நிமிஷம் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

உயரமானவனுக்கு வழக்கமாகக் கூடைக்கு அடியில்தான் வேலை. "அதை மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தா போதுமா? நாலு பேருக்குப் பாஸ் கொடுக்கவும் தெரியணும்" என்று இவள் முடிவு செய்தாள். பாஸ் கற்றுக்கொள்ள வேண்டுமானால், குட்டையானவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற இடத்தில் அவனை நிறுத்தி ஆடவிட வேண்டும். நிறுத்தினாள். கொக்கு தடுமாறியது. டீம் தொடர்ந்து பதினோரு ஆட்டம் தோற்றது. "உன் பிள்ளை சந்தி சிரிக்க வெச்சுட்டானே" என்று நான் சீண்டினால், "நீங்க பஸ் ஓட்டக் கத்துக்கிட்டப்ப டிப்போ சுவரை இடிச்சீங்களே, அதை யாராவது சொல்லிக் காட்டினாங்களா?" என்பாள். அதை அவள்தான் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

அந்த உலகத்தில் நாலு மாதத்துக்கு ஒரு வயது கூடும். அந்த வேகத்தில் எனக்கும் கூடியிருந்தால் எப்போதோ பென்ஷன் வாங்கிக்கொண்டு காலை நீட்டியிருப்பேன். கொக்குக்கு இருபத்தொன்று ஆனது. அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. அந்த விளையாட்டில் நாட்டுக்கென்று ஓர் இளையோர் அணி உண்டு. இருபத்தொரு வயது தாண்டாதவர்களுக்கு மட்டும். அதன் பயிற்சியாளரும் இதை விளையாடுகிறவர்களில் ஒருவர்தான், எங்கோ ஓர் ஊரில் பல் டாக்டராம். உங்கள் பையனைக் கவனித்து வருகிறேன், பாஸ் கொடுக்கும் திறமை ஏழில் இருக்கிறது, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எட்டானால் அணியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். வேறு மூன்று மேனேஜர்களின் பையன்களும் அதே இடத்துக்குப் போட்டி. அதற்கு அடுத்த வாரம் கொக்குக்கு இருபத்திரண்டு பிறந்துவிடும். அப்புறம் அந்தக் கதவு திறக்கவே திறக்காது.

என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. டிப்போவில் ஃபிட்டர், காண்டீன்காரர், வாட்ச்மேன் வரை செய்தி பரவிவிட்டது. "மேடம், உங்க பையன் செலக்ட் ஆயிட்டானா?" என்று ஒரு கண்டக்டர் வாய் நிறையக் கேட்டார். உண்மையான பிள்ளை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நானும் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெண் வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே அம்மாவின் டீமைப் புரட்டியவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்மா, இவன் ஏன் எல்லா மேட்ச்லயும் நாப்பத்தஞ்சு நிமிஷமே ஆடியிருக்கான்?"

"கடைசி மூணு நிமிஷம் ரிலீஃப் போட்டிருக்கேன்."

"ரிலீஃபா!" பெண் தட்டைத் தள்ளி வைத்தாள். "நாப்பத்தெட்டு நிமிஷமும் நின்னாத்தாம்மா முழுப் பயிற்சி கிடைக்கும். மூணு நிமிஷம் குறைஞ்சாலும் கம்ப்யூட்டர் பயிற்சியை வெட்டிடும். வாரத்துல மூணு மேட்ச் இருக்கு, நீ ஒண்ணுலதான் ஆட விட்டிருக்க. மத்த ரெண்டு?"

"வார லீவு வேண்டாமா அவனுக்கு?"

நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பெண் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னாள், ஆரம்பத்திலிருந்து அந்த மூன்று நிமிஷத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் போன சீசனிலேயே எட்டு வந்திருக்கும் என்று. என் மனைவி எழுந்து போய்க் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். "என்னாலதான் அவன் பின்தங்கிட்டான்" என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

அந்த மூன்று நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் டிப்போவில் சேர்ந்த முதல் மாதம். இரண்டு பேர் லீவு போட்டதால் நான் தொடர்ந்து இரண்டு டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி டிரிப்புக்கு வண்டியைத் திருப்பும்போது, புதுசாக வந்த கிளார்க் பெண் ஸ்பேர் டிரைவரைக் கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றாள். "இறங்குங்க. கண்ணு செவந்திருக்கு" என்றாள். ஒரே ஒரு டிரிப்தானே, முடித்துவிடுகிறேன் என்றேன். "கடைசி டிரிப்லதான் இடிப்பாங்க" என்றாள். முறைத்துக்கொண்டே இறங்கினேன். அடுத்த வருஷமே அவளைக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் டிப்போவில் கடைசி டிரிப்பில் அசந்துபோய் எவனும் இடித்ததில்லை. இதை அவளிடம் நான் வாய் விட்டுப் பாராட்டியதும் இல்லை, அது என் புத்தி.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு நாற்பத்தெட்டு நிமிஷம் எழுதினாள். எழுதிவிட்டு அழித்தாள். மறுபடி எழுதினாள். "எழுதிட்டுப் போயேன், அவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். வியாழக்கிழமை ஆட்டத்தில் மட்டும் அவனுக்கு லீவு போட்டுவிட்டாள், அதை என்னால் தடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பயிற்சி முடிவு வரும். நான் டிரிப்பை முடித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு அவள் ஜன்னலுக்கு ஓடினேன். ஃபிட்டர் கையில் எண்ணெயோடு நின்றிருந்தார். திரையில் கொக்கின் பக்கம் திறந்தது. பாஸ்: ஏழு.

அவள்தான் முதலில் அசைந்தாள். பல் டாக்டருக்கு ஒரு பதில் எழுதினாள். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். "ஐயா, எட்டு வரலை. பையன் மேல தப்பில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலயும் கடைசி மூணு நிமிஷம் நான்தான் ரிலீஃப் போட்டுட்டேன். வணக்கம்." அனுப்பிவிட்டு டப்பாவைத் திறந்து எனக்கும் பங்கு வைத்தாள். அவள் பங்கு அப்படியே இருந்தது.

சாயங்காலம் நான் டியூட்டி முடித்து வண்டியை விடும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். பதில் வந்திருந்தது. மற்ற மூன்று பேரும் எட்டைத் தொட்டுவிட்டார்களாம். ஆனால் அதற்காகக் கடைசி வாரம் ஓர் ஆட்டம் விடாமல் நிறுத்தி வைத்ததில் மூன்று பேரும் துவண்டு கிடக்கிறார்களாம். அதில் தேவலையானவனை எடுத்திருக்கிறேன், அவனும் முழு ஆட்டம் தாங்க மாட்டான், தெம்பாக இருப்பது உங்கள் பையன் ஒருவன்தான், பெஞ்சில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

"ஸ்பேர்" என்றேன்.

"ஸ்பேர் இல்லாம எந்த டிப்போங்க ஓடும்?" என்றாள். முகம் பூராவும் சிரிப்பு.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். அவள் அறையில் நிற்க இடமில்லை. காண்டீன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். பெண் போனில் இருந்தாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று, கொக்கு பெஞ்சில். நாற்பத்திரண்டு, பெஞ்சில். அந்த எட்டு வாங்கிய பையன் கூடைக்கு அடியில் தள்ளாடிக்கொண்டிருந்தான். கைக்கு வந்த பந்தை இரண்டு முறை விட்டான். "அந்த டாக்டருக்குக் கண்ணு தெரியாதா?" என்று ஃபிட்டர் கத்தினார். நான் இன்னும் மோசமாகக் கத்தினேன்.

மூன்று நிமிஷம் இருக்கும்போது திரையில் ஒரு வரி வந்தது. அந்தப் பையன் வெளியே, எங்கள் ஏழடிக்காரன் உள்ளே. அறை அதிர்ந்தது. கண்டக்டர் மேஜையைத் தட்டினார், டியூட்டி நோட்டு கீழே விழுந்தது. கொக்கு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு பாஸ் கொடுத்தான், அது கூடைக்குள் முடிந்தது. டீம் ஜெயித்தது. அவன் நாட்டுக்காக ஆடியது அவ்வளவுதான், அடுத்த வாரம் இருபத்திரண்டு பிறந்துவிட்டது.

எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தபோது நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். பெரியவன் உள்ளே வந்ததிலிருந்து அவள் அவனைப் பார்க்கவே இல்லை. திரையின் ஓரத்தில் பெஞ்சுக்குப் போன பெயர்கள் இருக்கும் இடத்தில் விரலை வைத்திருந்தாள்.

"அப்பாடா, அந்தப் புள்ளை உக்காந்துடுச்சு" என்றாள்.

என் மூன்று மணி டிரிப்புக்கு நேரமாகியிருந்தது. நான் கிளம்பவில்லை. கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். "அன்னிக்கு நீ என்னை இறக்காம இருந்திருந்தா நான் இடிச்சிருப்பேன்."

"தெரியும்" என்றாள், டியூட்டி நோட்டைப் பொறுக்கித் தூசி தட்டியபடி. "லேட்டாகுது, வண்டியை எடுங்க."