நாலு நொடி லேட்டா வந்த சிரிப்பு

நாலு நொடி. இந்த நம்பர ஞாபகம் வச்சுக்கோங்க.

வீட்டுல நாலு பேரு டிவி பாக்கறாங்க. ஒரு ஜோக் வருது. மூணு பேரு சிரிக்கிறாங்க. நாலாவது ஆளு மக பக்கம் திரும்புறாரு. மக வாயசைச்சுச் சுருக்கமா சொல்றா. அப்புறம் அவரு சிரிக்கிறாரு. அதுக்குள்ள டிவியில அடுத்த ஆளு பேசிட்டிருக்கான். அந்த இடைவெளிதான் நாலு நொடி.

இத அளந்தது காலர் அக்கா. சட்டை ஃபேக்டரியில காலர் தைக்கிற மெஷின்ல பத்தொன்பது வருஷம் உக்காந்தவங்க, அதான் அந்தப் பேரு. ஒரு காலருக்கு முப்பத்தெட்டு நொடி. ஒருதடவ ஆபீஸ்லேர்ந்து ஸ்டாப்வாட்ச்சோட ஒருத்தன் வந்து நின்னு, "முப்பத்தஞ்சே போதும்"னு எழுதினான். அக்கா தலையத் தூக்காம, "தம்பி, நான் தைச்சு முடிச்சு ஊசியத் தூக்கறதுக்கு மூணு நொடி முன்னாடியே நீ வாட்ச்ச நிறுத்திட்டே. மறுபடி அள"ன்னாங்க. மேனேஜர் முன்னாடி மறுபடி அளந்தாங்க. முப்பத்தெட்டு. கையில வாட்ச் கிடையாது, வலது கால்தான் அவங்க கடிகாரம். பெடல் மிதிச்சு மிதிச்சு அந்தக் காலு நொடிய மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு. இந்த அக்கா டிவி வாங்கின கதைதான் இது. அதுல என்ன பெரிய வீரம்னு கேக்கறவங்க, முதல்ல அந்த மெஷின்ல ஒரு ஷிஃப்ட் உக்காந்துட்டு வந்து கேளுங்க.

அந்த நாலாவது ஆளு அக்காவோட வீட்டுக்காரரு. நெசவு மில்லுல ஃபிட்டர். இருபத்தாறு வருஷம் தறிச் சத்தத்துக்கு நடுவுல நின்னவரு. காதுக்கு அடைப்பான் குடுங்கன்னு தொழிலாளிங்க மனு குடுத்தாங்க. மனு போச்சு, திரும்பி வரல. காதும் போச்சு, அதுவும் திரும்பி வரல. காதுல மாட்டுற மெஷின் ஒண்ணு இருக்கு. அதப் போட்டா பேச்சும் தட்டு விழற சத்தமும் ஒரே மாதிரி கேக்குதாம். எதிர்ல நின்னு பேசினா உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு. டிவியில இருக்கிறவன் இவருக்காகவா முகத்தக் காட்டிப் பேசுவான்?

கூடவே இருக்கிற கொழுந்தன் கெட்டவன் இல்ல. வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் சாயங்காலம் அண்ணன் லேட்டா சிரிச்சதப் பாத்துட்டு, "அண்ணனோட சிரிப்பு எப்பவும் அடுத்த பஸ்லதான் வருது"ன்னான். மகளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதுவும் மனுஷன் கண்ணு முன்னாடி. அவரு தம்பியோட உதட்டப் படிச்சிட்டாரு. மறுநாள்லேர்ந்து எல்லாரும் டிவி போட்டா, இவரு அடுப்படி வாசப்படியில போய் முதுகக் காட்டி உக்காந்துக்குவாரு. கையில ஏதாவது பழுதான ஃபேனோ அயர்ன்பாக்ஸோ இருக்கும். அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசத்துல அக்கா அவரோட சிரிப்பையே கேக்கல.

பழைய டிவி போய்ச் சேர்ந்ததும் மகதான் சொன்னா.

"இப்ப வர்ற ஸ்மார்ட் டிவியில பேசுறதெல்லாம் கீழ எழுத்தா ஓடும்மா. வெலை கம்மியான டிவியிலயும் வருது."

"ஓடட்டும். எப்ப ஓடும்?"

"எப்பன்னா? பேசுறப்பதான்."

"பேசுறப்பவா, பேசி முடிச்சப்புறமா?"

"அத நேர்லயே பாத்துடலாம்மா"ன்னா மக. கடைக்குக் கிளம்பிட்டாங்க ரெண்டு பேரும்.

கடையில சுவரு முழுக்க டிவி. எல்லாத்துலயும் ஒரே மீனு நீந்துது, ஒரே பூ பூக்குது. டை கட்டின விற்பனையாளர் ஓடி வந்தாரு. "வாங்க மேடம், கலரப் பாருங்க."

"மீனு பேசாது தம்பி. பேசுற ஆளப் போடுங்க. நியூஸ் வைங்க."

வெலை கம்மியான நாப்பத்திமூணு இன்ச்ல நியூஸ வச்சு, எழுத்தையும் போட வச்சாங்க. வாசிக்கிற பொண்ணு ஒரு வார்த்தையச் சொன்னதும் அக்காவோட வலது காலு தரையத் தட்ட ஆரம்பிச்சுது. அந்த வார்த்தை எழுத்தா வந்ததும் நின்னுது. மறுபடி ஒரு வார்த்தை. மறுபடி தட்டு. ஆறு தடவ பாத்தாங்க. மேடத்துக்குக் கால் வலிக்குதுன்னு நெனச்சு அந்தத் தம்பி நாற்காலி கொண்டுவந்து போட்டாரு.

"நாலு நொடி"ன்னாங்க அக்கா.

"அதுக்குத்தான் மேடம் சொல்றேன், இது சின்ன பட்ஜெட் செட்டு. பிராசசர் மெதுவாத்தான் இருக்கும். அந்தப் பக்கம் பெருசு ஒண்ணு இருக்கு. மூணு மடங்கு வெலை, ஆனா மின்னல்."

மூணு மடங்குக்கு வழி கிடையாது. அக்கா எழுந்து வெளிய வந்துட்டாங்க. "வேணாம்டி. அதே நாலு நொடிய எழுத்துல வாங்கி அவரு முகத்துல அடிக்கணுமா?"

பஸ் ஸ்டாப்புல நின்னாங்க. பஸ்ஸும் வந்துது. அக்கா ஏறல.

"அம்மா, பஸ்ஸு."

"இருடி. துணி பண்டில் லேட்டா வந்தா காலர் தைக்கிறவள ஏன் திட்டுறே?"

"என்னம்மா சொல்றே?"

ஃபேக்டரியில நடந்த கூத்து அது. காலர் வேலை பின்தங்குதுன்னு சூப்பர்வைசர் அக்காவுக்கு மெமோ நீட்டினான். அக்கா மெமோவ வாங்கல. நேரா வெட்டுற மேஜைக்குப் போயி, துணிக் கட்டு அங்கிருந்து கிளம்பும்போதே இருபது நிமிஷம் லேட்டுன்னு காட்டினாங்க. லேட்டு எங்க பொறக்குதுன்னு பாக்காம, கடைசியா கையில வச்சிருக்கிறவ தலையில கட்டுறது முதலாளி புத்தி. டிவியக் குத்தம் சொன்னதுல அந்தப் புத்தி தனக்கே வந்துடுச்சேன்னுதான் அக்காவுக்குக் கோவம்.

திரும்பக் கடைக்குள்ள. "தம்பி, அந்த மின்னல்லயும் இதே நியூஸப் போடுங்க. ரெண்டையும் ஒண்ணாப் போடுங்க."

போட்டாரு. ரெண்டு டிவி, ஒரே பொண்ணு, ஒரே எழுத்து. காலு தட்டுச்சு. நாலு. அங்கயும் நாலு.

"இது டிவியோட தப்பு இல்ல, தம்பி. நேரலையில பேசப் பேச நியூஸ் ஆபீஸ்ல ஒருத்தர் உக்காந்து எழுத்த அடிக்கணும்ல. அங்கயே லேட்டு. இப்ப ஏற்கெனவே எடுத்து, எழுத்தும் சேத்து வச்ச ஒரு காமெடி நாடகத்தப் போடுங்க. சின்ன செட்டுலயே."

நாடகம் இருக்கிற ஆப் திறக்கறதுக்கு மட்டும் பதினோரு நொடி எடுத்துச்சு. விற்பனையாளர் முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. "பாத்தீங்களா மேடம், எவ்ளோ மெதுவு."

"திறக்கறதுக்கு லேட்டானா எல்லாருக்கும் லேட்டு. சேந்து காத்திருப்போம். அதுல ஒருத்தருக்கும் அவமானம் இல்ல."

நாடகம் ஓடுச்சு. எழுத்தும் ஓடுச்சு. இந்தத் தடவ அக்காவோட காலு அசையவே இல்ல. எழுத்தப் பெருசாக்கி, கறுப்புல மஞ்சளா மாத்தச் சொன்னாங்க. வீட்டு ஹால்ல உக்கார்ற எடம் ஆறு தப்படி தள்ளி, இங்கயும் ஆறு தப்படி பின்னாடி போய் நின்னு படிச்சாங்க. பக்கவாட்டுல நின்னா கலரு வெளுத்துதான் போச்சு. சத்தம் தகர டப்பா மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டையும் மகக்கிட்ட ஒளிக்காம சொன்னாங்க. "நேரா உக்காந்து பாப்போம். சத்தம் நல்லா இல்லன்னா உங்கப்பா புகார் சொல்ல மாட்டாரு. கட்டச் சொல்லுடி."

விற்பனையாளர் கட்டிக் குடுக்கும்போது மெதுவா கேட்டாரு. "நீங்க இன்ஜினியரா மேடம்?"

"காலரு"ன்னாங்க அக்கா.

வீட்டுல கொழுந்தன் சுவத்துல மாட்டினான். வீட்டுக்காரரு எட்டிப் பாத்தாரு. "எனக்கு எதுக்கு இதெல்லாம்? நீங்க பாருங்க"ன்னுட்டு வாசப்படிக்குப் போயிட்டாரு. வாங்க, பாருங்கன்னு அக்கா கெஞ்சல. கெஞ்சினா வர்ற ஆளு இல்ல. எதிர்ல போய் நின்னு, "உங்க தம்பி மாட்டியிருக்கான். ஸ்க்ரூ புடிச்சிருக்கான்னு ஒரு ஃபிட்டர் பாத்தா தேவல"ன்னாங்க.

"அண்ணி, என் வேலையில என்ன கொறை?"

"உன் வேலைதான்டா கொறை."

அது போதும் மனுஷனுக்கு. ஸ்க்ரூடிரைவரோட வந்தாரு. ஒரு ஸ்க்ரூவ அரைச் சுத்து முறுக்கினாரு, தம்பிய ஒரு பார்வை பாத்தாரு. பின்னாடி நகந்து டிவி நேரா இருக்கான்னு பாத்தாரு. கீழ மஞ்சள் எழுத்து ஓடிட்டிருந்துது. நின்ன எடத்துலயே நின்னுட்டாரு.

நாடகத்துல ஒரு டாக்டரு. வேலையில்லாத ஆளு ஒருத்தன் எதிர்ல உக்காந்திருக்கான். "வாயத் திறங்க"ங்கறாரு டாக்டரு. அந்த ஆளு பெருமூச்சு விட்டு, மூக்கச் சொறிஞ்சு, பதில் சொல்றதுக்கு நேரம் எடுத்துக்கறான். எழுத்துக்கு அந்தப் பொறுமை எல்லாம் ஏது? முழுசா வந்து நின்னுடுச்சு: "அதத் திறந்துதான் டாக்டர் வேலை போச்சு."

ஹால்ல ஒரு சிரிப்பு வெடிச்சுது. ஃபிட்டரோட சிரிப்பு. கையில ஸ்க்ரூடிரைவர் ஆடுது. மகளும் கொழுந்தனும் டிவிய விட்டுட்டு இவரத் திரும்பிப் பாத்தாங்க.

"அண்ணன் எதுக்கு சிரிக்கிறாரு?"ன்னான் கொழுந்தன்.

அவன் கேட்டு முடிக்கல, நாடகத்துல அந்த ஆளு வாயத் திறந்து வசனத்தச் சொன்னான். அப்புறம்தான் மத்தவங்களுக்குச் சிரிப்பு வந்துது. அவரு தம்பி தோள்ல தட்டி, "என்னடா, பஸ்ஸு லேட்டா?"ன்னாரு. சொல்லிட்டு நாற்காலிய இழுத்துப் போட்டு நடு ஹால்ல உக்காந்தாரு.

அவரு சிரிச்சதுலேர்ந்து மத்தவங்க சிரிக்கிற வரைக்கும் அக்காவோட வலது காலு தட்டியிருந்துது. இந்தத் தடவ அவருதான் முன்னாடி. எத்தன?

ரெண்டு நொடி.