ரோட்டுப் பக்கம் திரும்பிய ஆண்டவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரை இருந்தவரை தைரியமில்லை. அவர் சீமைக்குப் போன பிறகு, போன மனுஷரைப் பற்றி எதற்கு என்று இருந்துவிட்டேன். ஆனால் என் வீட்டுக்காரியின் பேர் இன்னும் கெட்டுத்தான் கிடக்கிறது.

பசறை ரோட்டோரம் இருக்கும் எங்கள் தோட்டத்து வேதக் கோவிலுக்குச் சீமையிலிருந்து வர்ணக் கண்ணாடி ஜன்னல் வந்தது. ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த ஆண்டவர். அங்கியின் சிவப்பும் புல்லின் பச்சையும் கண்ணாடியிலேயே ஊறியவை. முகத்தின் கண், மூக்கு, தாடி மட்டும் ஒரு பக்கத்தில் மையால் எழுதிச் சூளையில் சுட்டது, தடவினால் சொரசொரக்கும். அந்தப் பக்கம் கோவிலுக்குள் இருக்க வேண்டும். தச்சர் மேலே நிற்க, நான் ஏணி பிடித்தேன்.

தொரை குதிரையில் வந்தார். "ஏய், படம் ரோட்டுப் பக்கம் வை! போற தொரை எல்லாம் பாக்கணும்!"

"மழை அடிக்குமுங்க தொரைகளே," என்றார் தச்சர்.

"மழைக்கு நான் ஆர்டர் குடுப்பேன். நீ வை!"

வைத்தோம். பகலில் ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணாடி அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்பாகத்தான் தெரிந்தது. போகிற தொரைமார் குதிரையை நிறுத்தியதெல்லாம் அடுத்த சாராயக் கடையில்தான்.

மழையோ தொரையின் ஆர்டரை எடுக்கவில்லை. ஐப்பசியில் சாய்ந்து அடித்தது. நனைந்த இடத்தில் பாசி பிடித்தது, அதன் மேல் வெயில் காய்ந்தது. சீமைச் சூளையில் அரைவேக்காடாகச் சுட்டார்களோ என்னவோ, முதலில் தாடி போனது, அப்புறம் மூக்கு. கடைசியில் ஆண்டவர் கழுத்துக்கு மேல் வெறும் மஞ்சள் வட்டம்.

குற்றவாளி வேண்டுமே! கோவிலைக் கூட்டித் துடைப்பவள் என் வீட்டுக்காரி. ஞாயிறு பிரசங்கத்தில் உபதேசியார் அவளையே பார்த்து, "தேச்சித் தேச்சி ஆண்டவர் முகத்தையே அழிச்சிட்டாங்க," என்றார்.

அவள் எழுந்துவிட்டாள். "ஐயா, நான் தொடைச்சது உள்பக்கம். முகம் இருந்தது வெளிப்பக்கம். என் கையி கண்ணாடிக்குள்ள பூந்து அந்தாண்ட போகுமாங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். உபதேசியார் அவசரமாகப் பாட்டு எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாரமே அவளைக் கோவில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதே வாரம் தொரை, சத்தமில்லாமல், ஜன்னலைக் கழற்றித் திருப்பி வைக்கச் சொன்னார். மறுபடியும் நான்தான் ஏணி பிடித்தேன். மழையிலிருந்து காப்பாற்ற இப்போது அதில் ஒரு கோடும் இல்லை.

அவள் இன்றும் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்துத்தான் ஜெபிக்கிறாள். "அவரு மொகம் எனக்குத் தெரியும். நீங்க பேசாம முழங்கால் போடுங்க," என்பாள்.

ஒரு பாவியின் கை பட்டு முகம் மறைந்ததாகப் பிள்ளைகளுக்கு இப்போதும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாசிக்கிறவர்களே, இதை நான்கு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டுத் தொரையை இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்ட வேண்டாம், அவரை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். அவள் துடைத்தது உள்பக்கம். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.