கிழக்கு நோக்கிய காலடிகள்

பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை என்னுடையது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அந்த வகையில் சேராது. 1979 நவம்பர் பதினான்காம் தேதி இரவு, பெர்லினில், சுவரின் கிழக்குப் பக்கத்துக் காவல் கோபுரத்தில் நான் இருந்தேன். என்னோடு லோத்தர் இருந்தான். இரண்டு பேரும் பார்த்தோம். இரண்டு பேரும் சுயநினைவோடுதான் இருந்தோம்.

எனக்கு அப்போது இருபது வயது. கட்டாய ராணுவச் சேவை. எல்லைக் காவல் படையில் போட்டிருந்தார்கள். போலந்து எல்லையோரம் எங்கள் ஊரில் என் மனைவி மார்லீஸ் நிறைமாதமாக இருந்தாள். பதினைந்தாம் தேதி காலை பணி முடிந்ததும் எனக்கு ஐந்து நாள் லீவு. சீட்டு கையெழுத்தாகி சார்ஜென்ட் குன்ட்சேயின் மேசையில் கிடந்தது. கண்ணால் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்தச் சீட்டு. அவ்வளவுதான்.

அன்று மாலை அணிவகுப்பில் குன்ட்சே என் முன்னால் வந்து நின்றார்.

"உன் பகுதியில இன்னைக்கு ஏதாச்சும் நடந்துச்சுன்னா சீட்டக் கிழிச்சிடுவேன் வைனர்ட். புரியுதா?"

"புரியுது, தோழர் சார்ஜென்ட்."

"புள்ள உன்னதுதானே? நீ இங்க வந்து பதினோரு மாசம் ஆச்சே?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிப்ரவரியில் மூன்று நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். அதைச் சொல்லவில்லை. சீட்டு அவர் கையில் இருந்தது.

யாரோடு யாருக்குக் காவல் என்பதை அரை மணி நேரம் முன்னால்தான் சொல்வார்கள். ஒரே ஆளோடு அடுத்தடுத்து இரண்டு இரவு போட மாட்டார்கள். பழகிவிடக் கூடாது. அவன் ஓடினால் நான் சுட வேண்டும், நான் ஓடினால் அவன். இருநூற்றைம்பது மீட்டர் தள்ளி அடுத்த கோபுரம். அதில் இருக்கும் இரண்டு பேர் எங்களைப் பார்ப்பார்கள். பார்த்ததை எழுதுவார்கள். நாங்களும் அவர்களைப் பார்த்து எழுதுவோம்.

கோபுரத்தின் முன்னால் ரோந்துச் சாலை. அதற்கு அப்பால் மணல். ஆறு மீட்டர் அகலம். தினமும் வாரிச் சீவி, கோடு கோடாக வைத்திருப்பார்கள். மணலுக்கு அப்பால் சுவர். எங்களுக்குப் பின்னால், தொட்டால் மணியடிக்கும் கம்பி வேலி. மணலில் ஒரு காலடி விழுந்தால்கூட உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். சொன்னால் விசாரணை. தூங்கினாயா, துணை போனாயா, எவ்வளவு கொடுத்தார்கள் என்று இரண்டு நாள் கேட்பார்கள். எல்லா லீவும் ரத்து.

அதனால் எல்லாரும் ஒரு காரியம் செய்தோம். ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் நீளப் பிடி போட்ட இரும்பு வாரி ஒன்று சாய்ந்து நிற்கும். நரியோ பூனையோ மணலில் நடந்திருந்தால், இறங்கிப் போய் வாரிவிட்டு வந்துவிடுவோம். உத்தரவில்லாமல் மணலில் கால் வைப்பதே குற்றம். இருந்தாலும் செய்தோம். அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை.

இரவு பத்து மணிக்கு ஏறினோம். லோத்தர் கொத்தனார் வேலை பார்த்தவன். தடித்த விரல்கள். இருவரில் அவன் மூத்தவன், பொறுப்பும் அவனுடையது. ஈரல் தடவிய ரொட்டியை மென்றுகொண்டே பேசினான்.

"பொண்ணு பொறந்தா என் பேர வையி."

"பொண்ணுக்கு லோத்தர்னா?"

"உனக்கு எக்கார்ட்னு வச்சாரே உங்கப்பா. அந்தத் தைரியம் உனக்கில்லையா?"

பனிமூட்டம் இல்லை. காற்று இல்லை. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

1.10. அந்தப் பகுதியில் முயல்கள் ஏராளம். யாரும் சுடாததால் பெருத்துக் கிடந்தன. ராத்திரி முழுக்கப் புல்லில் திரியும். அன்றைக்கு ஒவ்வொன்றாக ஓடிவந்து எங்கள் கோபுரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டன. இருபது இருக்கும். அசையவில்லை.

1.25. கம்பியில் கட்டிய காவல் நாயின் சங்கிலிச் சத்தம் நின்றது. அது நிற்கவே நிற்காது. நாய் நாள் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

1.40. லோத்தர் மெல்லுவதை நிறுத்தினான்.

"அங்க பாரு."

மணலில் காலடிகள். ஒன்பது. ஒரு நிமிடம் முன்னால் அங்கே எதுவும் இல்லை. தொலைநோக்கியை எடுத்தேன். வெறுங்கால். சிறிய பாதம்.

வேலி மணி அடிக்கவில்லை. அதன் காரணம் கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. காலடிகள் வேலியிலிருந்து வரவில்லை. சுவரின் அடியில் தொடங்கின. விரல்கள் எங்களை நோக்கி இருந்தன.

"மேற்கிலேர்ந்து எவன்டா இங்க வருவான்?" என்றான் லோத்தர்.

அவன் கை மேசையிலிருந்த தொலைபேசிக்குப் போனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்."

"சொல்லலைன்னா ஜெயிலு."

"சொன்னா என் லீவு போச்சு. கீழ வாரி இருக்கு."

"பொறுப்பு என்னுதுடா. மாட்டினா எனக்குத்தான்."

"மாட்ட மாட்டோம். அவளுக்கு எப்ப வேணா வலி வந்துரும் லோத்தர்."

 அவன் தொலைபேசியிலிருந்து கையை எடுத்தான்.

1.52. இறங்கினோம். மணல் உலர்ந்திருந்தது. காலடிகளில் மட்டும் ஈரம். அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் வாரினேன். ஒன்பதும் போயின. முயல்கள் எங்கள் பூட்ஸை உரசிக்கொண்டு கிடந்தன, விலகவில்லை.

2.04. மேலே வந்தோம். அவன் காப்பி ஊற்றினான். 

2.30. மறுபடியும் காலடிகள்.

இந்த முறை மணல் முடிந்த பிறகும் நிற்கவில்லை. ரோந்துச் சாலையில் ஏறி... தாரில் ஈரத் தடங்களாக... பாதிச் சாலை வரை வந்திருந்தன.

"சொல்லிடலாம்டா," என்றான்.

"ஏற்கெனவே ஒருதடவ அழிச்சிட்டோம். இப்ப எப்படிச் சொல்றது?"

 2.33க்கு இறங்கினோம். மணலை அவன் வாரினான். தாரை நான் கையுறையால் துடைத்தேன். ஈரம் கையுறைக்குள் வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

நவம்பர் மாதம். வெளியே மைனஸ் நான்கு.

3.05. மூன்றாவது முறை. தடங்கள் சாலையைத் தாண்டிவிட்டன. கோபுரத்தின் கதவுக்கு மூன்றடியில் நின்றிருந்தன. இரண்டு பாதங்களும் சேர்த்து வைத்து. கதவு திறக்கக் காத்திருப்பவர்கள் நிற்பதைப் போல.

வேறு வழி தெரியவில்லை. அவன் வாரியை எடுத்தான். நான் பனி தள்ளும் கட்டையை எடுத்துக்கொண்டேன். முதுகோடு முதுகு சேர்த்துக்கொண்டு மணலைச் சீவினோம்.

சர்ர்... சர்ர்...

சர்ர்... சர்ர்...

சர்ர்...

நான் நிறுத்தினேன். லோத்தரும் நிறுத்தினான்.

சர்ர்... சர்ர்...

நிற்கவில்லை அது.

என் வலது பக்கம். நான்கடி தள்ளி. மணலில் கோடுகள் தானாக விழுந்துகொண்டிருந்தன. நேர்த்தியாக. எங்களைவிடச் சுத்தமாக. காலடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

கடைசிக் காலடியும் மறைந்தது.

சத்தம் நின்றது.

ஓடினோம். கோபுரத்தின் உள்ளே இரும்பு ஏணி. அவன் முன்னால். நான் பின்னால். மேலே போய், ஏணி வாய்ப்பலகையை மூடித் தாழ்ப்பாள் போட்டேன்.

ஏணி இன்னும் ஒலித்தது.

டங்... டங்... டங்...

பலகையின் அடியில் வந்து நின்றது.

தட்டவில்லை.

லோத்தர் வாயில் கை வைத்து அமர்ந்திருந்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். குளிர்ந்த கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்திருந்தது. அவன் பக்கம் ஒரு வட்டம். என் பக்கம் ஒரு வட்டம்.

என் தோள் உயரத்தில்... இன்னொரு வட்டம்.

சின்னதானது.

பெரிதானது.

சின்னதானது.

"பார்க்காத," என்றான் லோத்தர். "விடியற வரைக்கும் பார்க்காத."

6.00. மாற்று ஆட்கள் வந்தார்கள். மணல் கோடு கோடாக இருந்தது. முயல்கள் போய்விட்டன. நாய் ஓடிக்கொண்டிருந்தது.

6.40. குன்ட்சே என்னை மட்டும் கூப்பிட்டார். மேசையில் லீவுச் சீட்டு. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள்.

"மூணு தடவ கீழ இறங்கியிருக்கீங்க. மணல வாரியிருக்கீங்க. யார் யோசனை?"

நான் மேசையில் இருந்த சீட்டைப் பார்த்தேன்.

"ரயில் எட்டு பத்துக்கு."

"லோத்தர்," என்றேன்.

பேனாவைத் தள்ளினார். எழுதினேன். வாரச் சொன்னது லோத்தர். எதற்கு என்று எனக்குத் தெரியாது. காலடி எதையும் நான் பார்க்கவில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்று நான் வற்புறுத்தினேன், அவன் கேட்கவில்லை. கடைசி வரி அவர் சொல்லாமல் நானே எழுதியது. கையெழுத்துப் போட்டேன்.

தாளைப் படித்துவிட்டு, நிமிராமல் கேட்டார்.

"மேல ரெண்டு பேர்தானே இருந்தீங்க?"

"ரெண்டு பேர்தான், தோழர் சார்ஜென்ட்."

தாளை மடித்து வைத்தார். சீட்டைக் கொடுத்தார்.

"போ. போய்ப் புள்ளையப் பாரு."

வராந்தாவில் லோத்தர் நின்றிருந்தான். கையில் காப்பிக் குடுவை. கண்கள் சிவந்திருந்தன.

"குடுத்துட்டானா? நல்லவேளை. மார்லீஸக் கேட்டேன்னு சொல்லுடா."

"சொல்றேன்," என்றேன்.

அன்று மதியமே அவனைக் கொண்டுபோனார்கள். ராணுவச் சிறை. பதினான்கு மாதம். அதன் பிறகு அவனை நான் பார்த்ததில்லை. தேடிப் போகவுமில்லை.

ரயில் பெட்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஜன்னலோரம் அமர்ந்து தூங்க முயன்றேன். பிற்பகல் 3.25க்கு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தேன். மதியமே பிறந்திருந்தது. பெண். மார்லீஸ் தலையணையில் சாய்ந்து, கிண்ணத்தில் வேகவைத்த பேரிக்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"பாரு, உன் காதேதான். பாவம் அது," என்று சிரித்தாள்.

"குன்ட்சேகிட்ட காட்டணும்," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கினேன். இன்னும் சிரித்தாள். ஐந்து மணிக்கு நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள்.

மறுநாள் காலை போனபோது கட்டில் காலியாக இருந்தது.

விடியற்காலை நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் போயிருக்கிறாள். ரத்தப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபது வயது. நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: கட்டிலின் ஒரு ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தாளாம். பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்க இடம் விட்டதைப் போல.

குழந்தை பிழைத்தது. என் அம்மா வளர்த்தாள்.

பத்து வருடத்தில் சுவர் விழுந்தது. ரகசியப் போலீஸ் வைத்திருந்த கோப்புகளை அவரவர் பார்க்கலாம் என்றார்கள். 1993 மார்ச்சில் போனேன். மெல்லிய கோப்பு. முதல் தாள், லோத்தரைப் பற்றி நான் எழுதியது. என் கையெழுத்து அழகாக இருந்தது.

இரண்டாவது தாள், அன்றைக்குப் பக்கத்துக் கோபுரத்தில் இருந்தவன் எழுதியது.

01.52. இருவர் இறங்கி மணலை வாரினர். 02.33. மீண்டும் இருவர். 03.05க்குப் பிறகு மூவர் வாரினர். மூவரும் கோபுரத்தில் ஏறினர். 06.00. மூவர் இறங்கினர்.

 அந்த மூன்றாவது ஆள் எல்லை தாண்டி வந்தவர் என்று சந்தேகப்பட்டு, லீவில் என் பின்னாலேயே ஒருவனை அனுப்பியிருக்கிறார்கள். அவன் அறிக்கைதான் மூன்றாவது தாள். தட்டச்சு செய்தது.

08.10. ரயில். நடைவழியிலிருந்து கவனித்தேன். பெட்டியில் வைனர்ட் ஜன்னலோரம். எதிரே பெண். வயது சுமார் முப்பது. சாம்பல் நிறக் கோட்டு. காலணி இல்லை. பயணம் முழுவதும் இருவரும் பேசவில்லை. பெண் வைனர்டையே பார்த்தபடி இருந்தார். 15.25. மருத்துவமனை. பெண் முன்னால் நுழைந்தார். 17.05. வைனர்ட் வெளியே வந்தார். தனியாக. பெண் வெளியே வரவில்லை. பெண் யாரென்று விசாரிக்க வேண்டுமா?

அதன் கீழே, ஓரத்தில், பென்சிலால் வேறொரு கையெழுத்து. தேதி நவம்பர் 15. மாலை ஆறு மணி. மார்லீஸ் அப்போது உயிரோடு இருந்தாள்.

வேண்டாம். 1966லிருந்து தெரிந்தவர். இவர் பின்தொடர்ந்த காவலர்களில் இவன் ஆறாவது.